காருக்குள் நீர்க்கறை: வளையம் திரும்பி வராமல் எடுப்பது எப்படி

என் காரின் சீட்டில் ஒரு நாள் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது. வெறும் தண்ணீர்தானே, தானாகக் காய்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் கதவைத் திறந்தால், வெளிர் சாம்பல் துணியின் நடுவே பழுப்பு விளிம்போடு ஒரு வட்டம். ஈரத்துணியை எடுத்து அந்த விளிம்பை மட்டும் அழுத்தித் தேய்த்தேன், போன மாதிரிதான் இருந்தது, ஆனால் அடுத்த நாள் பழைய வட்டம் இருந்த இடத்தில் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. இப்படியே மூன்று தடவை தேய்த்து, உள்ளங்கை அளவுக் கறையை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு நானே வளர்த்துவிட்ட பிறகுதான் புரிந்தது: நான் கறையைத் துடைக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு கறையைச் செய்துகொண்டிருந்தேன்.

அதனால் துணியைக் கையில் எடுக்கும் முன் இந்த வளையம் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். அது தெரிந்தால் கீழே சொல்லப்போகும் பாதி விஷயங்களை நீங்களே யோசித்துக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சுத்தமான தண்ணீருக்கு நிறமும் இல்லை, கறையும் இல்லை. சீட் துணிக்குள்ளும் அதன் அடியில் இருக்கும் ஃபோமுக்குள்ளும் வியர்வை உப்பு, தூசி, உடம்பு எண்ணெய், முன்பு எப்போதோ போட்ட ஷாம்பூவின் மிச்சம் எல்லாம் பரவிக் கிடக்கின்றன. பரவிக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. தண்ணீர் விழுந்ததும் இவை கரைகின்றன. ஈரமான இடத்தின் ஓரம்தான் முதலில் காயும், ஓரத்தில் குறைகிற நீரை ஈடுகட்ட நடுவில் இருக்கிற நீர் ஓரத்தை நோக்கி நகரும், நகரும்போது கரைந்த அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் நீர் ஆவியாகிவிட, அழுக்கு மொத்தமும் ஓரத்தில் கோடு போட்டது போல் நிற்கும். மேசையில் சிந்திய காபித் துளி காய்ந்தால் விளிம்பு மட்டும் கருத்துப்போகுமே, அதே கதைதான். அந்தக் காபி வளையத்துக்கு இந்த நகர்வுதான் காரணம் என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் நேச்சர் இதழில் விளக்கினார்கள்.

இதோடு கடின நீர் சேர்ந்தால் இன்னொரு வகைக் கறை. குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் நீர் போன பிறகு வெள்ளைப் பொடியாகத் தங்கும். ஒரு லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் இந்தக் கடினத்தன்மை இருந்தால் அதை மிகக் கடின நீர் என்பார்கள், அப்படிப்பட்ட தண்ணீரால் சீட்டைக் கழுவுவதும் கறையை ஊற்றுவதும் ஒன்றுதான்.

ஆக, பழுப்பு விளிம்பு என்றால் உள்ளே இருந்த அழுக்கு, வெள்ளை விளிம்பு என்றால் உப்பு. இரண்டும் சேர்ந்தும் வரும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பாட்டில் கவிழ்ந்தது, கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு மழையில் மறந்துபோனது என்றால் காரணம் கையில் இருக்கிறது, அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். எப்படி நனைந்தது என்றே தெரியவில்லை என்றால் சுத்தம் செய்வதைத் தள்ளிவைத்துவிட்டு ஒழுகலைக் கண்டுபிடியுங்கள். அதை அடைக்காமல் எத்தனை முறை தேய்த்தாலும் அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே வட்டம் வரும்.

கறை இருக்கும் இடமே பாதி பதிலைச் சொல்லிவிடும். முன்பக்கம், ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில் கார்பெட் நனைந்திருந்தால், அதுவும் மழையே இல்லாத நாளில் ஏசி போட்டு ஓட்டிய பிறகு நனைந்திருந்தால், முதல் சந்தேகம் ஏசியின் வடிகுழாய் மீதுதான். ஏசி ஓடும்போது டேஷ்போர்டுக்குப் பின்னால் சேரும் நீர் ஒரு சின்னக் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். அது தூசியால் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே வழியும். ஏசியை நன்றாக ஓட்டிவிட்டு வண்டியை நிறுத்திக் கீழே பாருங்கள், புழுக்கமான நாளில் கூட அடியில் சொட்டவே இல்லை என்றால் அதுதான்.

அந்த ஈரம் விரலில் பிசுபிசுவென்று ஒட்டி, இனிப்பான ஒரு வாடை அடித்து, முன்கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் பூசியது போல் மங்கினால் அது தண்ணீரே அல்ல, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். ஹீட்டர் பகுதி கசிகிறது என்று அர்த்தம். கூலன்டில் பொதுவாக இருக்கும் எத்திலீன் கிளைகால் நஞ்சு, குழந்தைகளையும் செல்லப்பிராணிகளையும் அந்தப் பக்கம் விடாமல் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இந்த வழிகாட்டி அதற்கு உதவாது.

கூரைத் துணியில், அதுவும் சன்ரூஃப் ஓரத்திலோ பக்கத் தூண்களின் மேற்புறத்திலோ கறை என்றால் சன்ரூஃப் வடிகால். சன்ரூஃப் என்பது தண்ணீரை முழுசாகத் தடுக்கும் மூடி என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் நீர் வரும் என்று தெரிந்தேதான் அதைச் சுற்றி ஒரு பள்ளமும், மூலைகளிலிருந்து கீழே இறங்கும் மெல்லிய குழாய்களும் வைத்திருக்கிறார்கள். இலைத் தூளும் மண்ணும் குழாயை அடைத்தால் பள்ளம் நிரம்பிக் கூரைக்குள் வழியும். சன்ரூஃபைத் திறந்து மூலையில் ஒரு சின்னக் குவளைத் தண்ணீரை மெதுவாக விடுங்கள், சிறிது நேரத்தில் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் வளைந்துகொடுக்கும் நைலான் கயிற்றை மெதுவாக உள்ளே விட்டு அடைப்பை எடுக்கலாம். கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடிக்காதீர்கள், உள்ளே குழாய் இணைப்பிலிருந்து கழன்றுகொண்டால் அப்புறம் கூரையையே இறக்க வேண்டி வரும்.

கதவோரத்தில் கார்பெட் நனைந்தால், கதவின் உள்பக்க டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைப் பாருங்கள். மழை நீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பு, கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக அது வெளியே போய்விடும். அந்த ஓட்டைகள் அடைத்திருந்தாலோ ஷீட் கிழிந்திருந்தாலோதான் நீர் உங்கள் காலடிக்கு வரும். ஒரு முறை எனக்கு ஸ்பீக்கர் மாற்றிக் கொடுத்த கடையில் அந்த ஷீட்டைக் கிழித்து, திரும்ப ஒட்டாமலே டோர் பேடை மாட்டி அனுப்பிவிட்டார்கள். கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது.

டிக்கி நனைந்தால் பின்விளக்கின் ரப்பர் கேஸ்கட்டையும் டிக்கிக் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கையும் பாருங்கள். இரண்டு பக்கக் காலடியும் ஒரேயடியாக நனைந்தால் வைப்பருக்குக் கீழே இலைகள் சேர்ந்து அங்கிருக்கும் வடிகால் அடைத்திருக்கலாம்.

எதுவும் பிடிபடவில்லையா? ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும், இன்னொருவர் வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். கீழேயிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பகுதியாகச் சில நிமிடங்கள் நின்று நின்று மேலே போங்கள். முதலிலேயே கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து எது ஓட்டை என்று தெரியாமல் போகும். பிரஷர் வாஷர் வேண்டாம், அது நல்ல பீடிங்கையும் தாண்டி உள்ளே போகும்.

கையில் என்ன வேண்டும்

மிக முக்கியமான பொருள், யாரும் வாங்காத பொருள், டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக்கு ஊற்றுவோமே, அதே தண்ணீர்தான். அதில் உப்பு இல்லாததால் காய்ந்த பிறகு அது எதையும் விட்டுச் செல்லாது. அது கிடைக்காவிட்டால் ஆர்ஓ தண்ணீர் பரவாயில்லை.

அப்புறம் வெள்ளை வினிகர், பாத்திரம் கழுவும் திரவ சோப்போ சீட் ஷாம்பூவோ, இரண்டு ஸ்ப்ரே பாட்டில், மென்மையான ஒரு பிரஷ், ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணி. துணிகள் வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருக்கட்டும். ஒன்று, சாயம் இறங்காது. இன்னொன்று, சீட்டிலிருந்து அழுக்கு வருகிறதா அல்லது சீட்டின் சாயமே வருகிறதா என்று அதில் பளிச்சென்று தெரியும். ஈரத்தையும் உறிஞ்சும் வேக்யூம் கிளீனர் ஒன்று இரவல் கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும். வீட்டில் இருக்கும் சாதாரண வேக்யூமால் தண்ணீரை உறிஞ்ச முயற்சி செய்யாதீர்கள், மோட்டார் போகும், ஷாக்கும் அடிக்கலாம்.

பிளீச் வாங்க வேண்டாம். துணியின் நிறத்தை எடுத்துவிடும், வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய காருக்குள் அது விளையாட்டல்ல. வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்து நுரை பொங்க வைக்கும் வீடியோக்களையும் நிறையப் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகுதான். அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு முடிந்ததும் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர், அதாவது இன்னொரு உப்பு. வினிகர் வெள்ளைக் கறைக்கு, சோடா வாடைக்கு, இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்.

துணி சீட்

பெரும்பாலானவர்களுக்கு வேலை இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சீட்டை முதலில் காய்ந்த நிலையிலேயே நன்றாக வேக்யூம் செய்யுங்கள். தையல் இடுக்கு, சீட்டும் முதுகுப் பகுதியும் சேரும் பள்ளம் எதையும் விடாதீர்கள். தூசியின் மேல் தண்ணீர் அடித்தால் அது சேறு, அந்தச் சேறுதான் நாளைய வளையம். சீட் இன்னும் ஈரமாகவே இருந்தால் முதலில் காய்ந்த துணியை வைத்து ஒற்றி ஒற்றி எடுங்கள், உங்கள் முழு எடையையும் கொடுத்து அழுத்துங்கள்.

அப்புறம் சோதனை. சீட்டின் பின்னால் கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு கரைசலையும் கொஞ்சம் தடவி, வெள்ளைத் துணியால் ஒற்றி, அது முழுசாகக் காயும்வரை காத்திருந்து பாருங்கள். நிறம் இறங்கினால் அந்தக் கரைசலை விட்டுவிடுங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் சீட்டின் நடுவில் வெளுத்துப்போன திட்டுக்கு எந்த வைத்தியமும் இல்லை.

இனி மையமான விஷயம். கறையை மட்டும் நனைக்காதீர்கள். கறை இருக்கும் பாகம் முழுவதையும், ஒரு தையலிலிருந்து எதிர்த் தையல்வரை, ஒரே அளவில் ஈரமாக்குங்கள். ஈரத்துக்கு ஓரம் இருந்தால்தானே வளையம் வரும்? ஓரம் தையலிலேயே போய் முடிந்துவிட்டால் கோடு விழ இடமில்லை. நான் மூன்று முறை செய்த தப்பு இதுதான், கறையின் மேல் மட்டும் ஈரத்துணியை வைத்துத் தேய்த்ததில் ஒவ்வொரு தடவையும் புது ஓரம் உண்டாக்கினேன்.

முதல் சுற்று வெறும் டிஸ்டில்டு வாட்டர். ஸ்ப்ரே பாட்டிலின் முனையைப் பனி போல் வரும்படி திருப்பி, ஒரு முழம் தள்ளிப் பிடித்து, தையலோரத்திலிருந்து உள்நோக்கி அடித்து வாருங்கள். எவ்வளவு ஈரம் என்றால், தொட்டால் கை ஈரமாக வேண்டும், அழுத்தினால் நீர் கசியக் கூடாது. துணிதான் நனைய வேண்டும், அடியில் இருக்கும் ஃபோம் அல்ல. கறையின் விளிம்பில் மட்டும் ஒரு தடவை கூடுதலாக அடித்து, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, சுத்தமான துணியால் ஒற்றுங்கள். தேய்க்காதீர்கள். துணியின் ஒரு பக்கத்தில் அழுக்கு தெரிந்ததும் அடுத்த பக்கத்துக்குத் திருப்புங்கள், அதே இடத்தால் மறுபடி ஒற்றினால் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதாகும்.

கொட்டியது வெறும் தண்ணீர், கறையும் புதிது என்றால் பல நேரம் இதோடு முடிந்துவிடும். காய வைத்துப் பாருங்கள், உடனே அடுத்த கட்டத்துக்குத் தாவ வேண்டாம்.

பழுப்பு விளிம்பு மிச்சம் இருந்தால் இரண்டாவது சுற்று. அரை லிட்டர் வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் சோப்பு நாலைந்து சொட்டு. சொட்டுதான், ஒரு பிழி அல்ல. சோப்பு அதிகமானால் அலசி எடுக்க முடியாது, மிஞ்சுகிற சோப்பு ஒட்டும் தன்மையோடு இருந்து புதுத் தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். பிரஷால் நுரையை மட்டும் எடுத்து, பாகம் முழுக்க, ஒரு முறை நெடுக்காகவும் ஒரு முறை குறுக்காகவும் லேசாக ஓட்டுங்கள். விளிம்பில் வெளியிலிருந்து உள்நோக்கி வாருங்கள். பிறகு ஒற்றுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரைப் பனி போல் அடித்து மறுபடி ஒற்றுங்கள், இந்த அலசலை இரண்டு முறையாவது செய்யுங்கள். இந்தக் கட்டத்தைத்தான் எல்லோரும் சோம்பலில் விட்டுவிடுகிறோம்.

வெள்ளை விளிம்பு என்றால் சோப்பு அதைத் தொடாது, வினிகர் வேண்டும். வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் தண்ணீரில் கரையாத கால்சியம் கார்பனேட்டைக் கரையக்கூடிய கால்சியம் அசிட்டேட்டாக மாற்றுகிறது. கரைந்ததை எடுக்காமல் விட்டால் மறுபடி உப்புதான், அதனால் அடித்து ஐந்து நிமிடம் விட்டு ஒற்றியதும், மேலே சொன்ன அலசல் இங்கேயும் கட்டாயம். வினிகர் வாடை கொஞ்ச நேரம் இருக்கும், காய்ந்ததும் போய்விடும்.

ஈரத்தை உறிஞ்சும் வேக்யூம் இருந்தால் கடைசி அலசலுக்குப் பிறகு அதன் வாயை அழுத்திப் பிடித்து, தையலிலிருந்து தையல்வரை மெல்ல, மிக மெல்ல இழுங்கள். வேகமாக இழுத்தால் மேலே இருக்கும் ஈரம் மட்டும் வரும். குழாயில் தண்ணீர் வருவது நிற்கும்வரை தொடருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இன்றைய சீட் வெறும் பஞ்சும் துணியும் அல்ல. உட்கார்ந்திருப்பதை அறியும் சென்சார், சில வண்டிகளில் சூடாக்கும் கம்பி, பக்கவாட்டில் ஏர்பேக் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதற்காகவும்தான் ஃபோமை நனைக்காதீர்கள் என்கிறேன். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது பொதுவாக ஏர்பேக் தொடர்பானது, அதைக் கழற்றவோ தண்ணீர் படவோ விடாதீர்கள்.

காய வைப்பதில்தான் பாதி வேலை

எவ்வளவு அழகாகச் சுத்தம் செய்தாலும் மெதுவாகக் காய்ந்தால் கறை திரும்பும். ஃபோமின் ஆழத்தில் இருக்கும் அழுக்கு, மேலே ஈரம் ஆவியாக ஆவியாகத் திரியில் எண்ணெய் ஏறுவது போல் மேலேறி வரும். எடுத்தாகிவிட்டது என்று நினைத்த கறை இரண்டாம் நாள் எட்டிப் பார்ப்பது இதனால்தான்.

எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து ஒரு டேபிள் ஃபேனை சீட்டுக்கு நேராக ஓட விடுங்கள். காற்று ஓடுவதுதான் முக்கியம், சூடு அல்ல. ஹேர் டிரையர் என்றால் குறைந்த சூட்டில், ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். கதவைத் திறந்து வைக்க முடியாத இடமா? வண்டியை ஓட்டும்போது ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போடுங்கள், ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை எடுக்கும், வெப்பக் காற்று சீட்டின் ஈரத்தை எடுக்கும். கண்ணாடி முழுக்க மூடிய வண்டியை வெயிலில் நிறுத்தினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள், ஆவியான நீர் வெளியே போக வழியில்லாமல் கண்ணாடியிலும் கூரையிலும்தான் போய் ஒட்டும்.

பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப வரும் கறைக்கு ஒரு வழி. கடைசி அலசல் முடிந்து ஒற்றிய பிறகு, ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டை நாலாக மடித்துப் பாகம் முழுவதும் படும்படி விரித்து, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தாமல், கனமான இரண்டு புத்தகங்களை ஒரு தட்டையான பலகை மீது வைத்து ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். மேலேறி வரும் ஈரம் சீட் துணியில் நின்றுவிடாமல் துண்டுக்குள் போகும், அழுக்கு துண்டில் போய் உட்காரும். காலையில் துண்டில் மஞ்சளாக வளையம் விழுந்திருப்பதைப் பார்க்கும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள். என் தட்டு அளவு வட்டம் இப்படித்தான் போனது, இரண்டு ராத்திரி பிடித்தது.

தோல், ரெக்சின், ஸ்வேட் மாதிரியானவை

ரெக்சின் சீட்டில் கவலையே இல்லை. நீர் உள்ளே இறங்காது, மேலே வெள்ளைப் புள்ளி மட்டும் நிற்கும். வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்த துணியால் துடைத்து, வெறும் ஈரத்துணியால் துடைத்து, உலர்த்திவிடுங்கள்.

நிஜத் தோல் என்றால் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்து போல் நின்றால் மேலே பூச்சு உள்ள தோல், துடைத்தால் சரி. சொட்டு உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால் பூச்சில்லாத தோல், இதில்தான் வளையம் விழும். இதற்கும் அதே விதிதான்: டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் தையல் முதல் தையல்வரை ஒரே சீராக ஈரப்படுத்தி, நிழலில் காய விடுங்கள். ஹேர் டிரையரும் நேரடி வெயிலும் தோலைச் சுருக்கி விறைக்க வைக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு லெதர் கண்டிஷனர். சின்னச் சின்ன ஓட்டை போட்ட தோலில் நேரடியாக ஸ்ப்ரே அடிக்காதீர்கள், துணியில் அடித்துக்கொண்டு துடையுங்கள்.

அல்கன்டாரா சீட்டைத் தோல் என்று நினைத்துக் கண்டிஷனர் பூசுபவர்கள் உண்டு. அது 1970இல் ஜப்பானில் டோரே நிறுவனத்தின் மியோஷி ஒகமோட்டோ உருவாக்கிய செயற்கை நூலிழைப் பொருள், பாலியெஸ்டரும் பாலியுரித்தேனும் கலந்தது. ஈரத்துணியால் பாகம் முழுக்க ஒற்றி, காய்ந்ததும் மென்மையான பிரஷால் மயிரிழைகளைத் தூக்கிவிட்டால் போதும்.

கூரைத் துணி

இங்கே பயந்து பயந்து வேலை செய்யுங்கள். ஒரு அட்டையின் மேல் மெல்லிய ஃபோமையும் அதன் மேல் துணியையும் பசையால் ஒட்டியிருப்பார்கள். அதிகம் நனைந்தாலோ அழுத்தித் தேய்த்தாலோ ஃபோம் பொடிந்து, பசை விட்டு, துணி தொங்கிவிடும். அதைத் திரும்ப ஒட்டுவது உங்கள் கையால் ஆகாத வேலை.

மேலே அண்ணாந்து ஸ்ப்ரே அடிக்காதீர்கள். சோப்புத் தண்ணீரைத் துணியில் அடித்து, அந்தத் துணியால் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, துணியின் நூல் ஓடும் திசையிலேயே மெதுவாக ஒற்றிக்கொண்டு போங்கள். கூரைக்குத் தையல் இல்லை, அதனால் கறையைத் தாண்டி வெகுதூரம் போகப் போக ஈரத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள், ஓரம் தெரியாமல் கரைந்துவிட வேண்டும். வாங்கும் ஷாம்பூ நுரையாக வரும் வகையாக இருந்தால் இங்கே நல்லது, நுரையில் தண்ணீர் குறைவு. ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். பாதி மங்கியதும் நிறுத்தி, நன்றாகக் காயவிட்டு, மறுநாள் இன்னொரு சுற்று.

கார்பெட்: மேலே காய்ந்தது, கீழே குளம்

கார்பெட்டின் மேல் கை வைத்துப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று நம்பாதீர்கள். அதன் அடியில் தடிமனான ஃபோமோ பஞ்சு மெத்தையோ இருக்கும், லிட்டர் கணக்கில் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சத்தம் காட்டாமல் இருக்கும். டிஷ்யூ பேப்பரை நாலாக மடித்து வைத்து அதன் மேல் குதிகாலால் ஏறி நில்லுங்கள். பேப்பர் நனைந்தால் கீழே குளம் இருக்கிறது.

அப்படியென்றால் கார்பெட்டைத் தூக்கியே ஆக வேண்டும். கதவு நிலையில் கால் படும் பிளாஸ்டிக் பட்டை பெரும்பாலும் கிளிப்பில்தான் நிற்கும், மெதுவாக மேல்நோக்கி இழுத்தால் வரும். கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, நடுவில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, அடியில் ஃபேன் காற்று போகும்படி வையுங்கள். தூக்கும்போது கீழே ஓடும் ஒயர்களைப் பாருங்கள், சில வண்டிகளில் எலெக்ட்ரானிக் பெட்டிகளே காலடியில் இருக்கும். அவை நனைந்திருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

முதலில் ஈரத்தை உறிஞ்சும் வேக்யூம், பிறகு துண்டை வைத்து மிதித்து எடுப்பது, பிறகு காற்று. அடி முழுசாகக் காய்ந்த பிறகுதான் மேலே தெரியும் கறைக்கு வாருங்கள். சீட்டுக்குச் சொன்ன அதே சுற்றுகள்தான், கார்பெட் என்பதால் பிரஷை இன்னும் கொஞ்சம் அழுத்தலாம்.

இதில் அவசரம் உண்டு. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வைத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை வராது. அதைத் தாண்டிவிட்டு மக்கிய வாடை அடித்தால், முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, கதவுகளைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், ஏசியின் கேபின் ஃபில்டரையும் மாற்றுங்கள். காய்ந்த கார்பெட்டில் சமையல் சோடாவைத் தூவி ஒரு ராத்திரி விட்டு வேக்யூம் செய்தால் வாடை குறையும். கறுப்பு, பச்சைப் புள்ளிகள் அடி மெத்தையிலேயே பரவியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுவதுதான் சரி. வெள்ள நீர் புகுந்த வண்டி வேறு கதை, அதில் சாக்கடையும் கலந்திருக்கும், அதை ஸ்ப்ரே பாட்டிலோடு அணுகாதீர்கள், எஞ்சினையும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்.

மிச்சம் மீதி

டேஷ்போர்டிலும் டோர் பேடிலும் வெள்ளைப் புள்ளி இருந்தால் வினிகர்த் துணி, பிறகு ஈரத்துணி, உடனே காய்ந்த துணி. வெள்ளை மேஜிக் ஸ்பான்ஜ் வேண்டாம், அது மெல்லிய உப்புத்தாள் மாதிரி, மங்கலான பிளாஸ்டிக்கில் பளபளவென்று திட்டு விழும். கண்ணாடியின் உள்பக்கத்துக்கும் வினிகர் கலந்த தண்ணீர் போதும். பின்கண்ணாடியில் சூடாக்கும் கோடுகள் இருந்தால் கோடு ஓடும் திசையிலேயே துடையுங்கள், குறுக்கே சுரண்டினால் கோடு அறுந்துவிடும். சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அமோனியா உள்ள கிளீனர் கூடாது. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து கிளிப் போட்டு நிறுத்தி, மெல்லிய சோப்புத் தண்ணீரால் மட்டும் துடைத்து, முழுசாகக் காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள், உயிர் காக்கும் நூலில் வினிகரையோ வேறு ரசாயனத்தையோ முயன்று பார்க்க வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு முழு நாள் விட்டு, பகல் வெளிச்சத்தில், பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஈரமான துணி எப்போதும் சீராகத்தான் தெரியும், காய்ந்த பிறகு தெரிவதுதான் உண்மை நிலவரம். மெல்லிய நிழல் போல் வளையம் தெரிந்தால் பதறி விளிம்பைத் தேய்க்கப் போகாமல், தையல் முதல் தையல்வரை டிஸ்டில்டு வாட்டர், அதன் மேல் மடித்த துண்டு, ஒரு ராத்திரி. இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகும் அதே அடர்த்தியில் நின்றால் அழுக்கு ஃபோமின் அடிவரை இறங்கியிருக்கிறது, சூடான தண்ணீரைப் பாய்ச்சி உடனே உறிஞ்சி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் இயந்திரம் வைத்திருப்பவர்களிடம் அந்த ஒரு சீட்டை மட்டும் கொடுங்கள். கொடுக்கும்போது, என்ன கொட்டியது, இதுவரை எதை எதைப் போட்டுப் பார்த்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.